தோர்ஷாவ்னில் ஒரு நாலு வயதுச் சுவெற்றர்

மீனைப் பெட்டியில் அடைக்கிற இயந்திரம் ஒன்று இயங்க மறுத்ததால் நான் டென்மார்க்குக்குக் கீழே தன்னாட்சி நடத்தும் பரோ தீவுகளைப் பார்த்தேன். அது 1988 ஜூன் மாதம். டென்மார்க்கின் வைலே நகரில் நான் வேலை செய்த தொழிற்சாலை அந்த இயந்திரத்தைச் செய்து அனுப்பி மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அதைத் திருத்த பென்ட் என்ற மூத்த ஃபிட்டரை அனுப்பினார்கள். வெல்டிங் தெரிந்த ஒருவர் அவனோடு போகவேண்டும் என்றபோது, டெனிஷ்காரர் எல்லாருக்கும் அந்தக் கிழமை பிள்ளைகளின் பள்ளிக்கூட முடிவு விழா, பிறந்தநாள், மாமியார் வருகை என்று ஏதோ ஒன்று இருந்தது. எனக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. அதனால் என் பெயரைப் போட்டார்கள்.

நான் போவதில் ஒருவருக்கு மட்டும் சம்மதமில்லை. வைலேயில் என்னோடு ஒரே அறையில் இருந்த ராசு அண்ணை. நான் பையில் உடுப்பு அடுக்குவதைக் கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, உது டென்மார்க்கும்தான், டென்மார்க் இல்லையும்தான். நாளைக்குக் கோப்பன்ஹேகன் குடிவரவுக் கந்தோர்க்காரன், நீ நாட்டை விட்டு வெளிக்கிட்டிட்டாய் எண்டு பைலை மூடினால் என்ன செய்வாய்?"

"அண்ணை, கொம்பனிதான் அனுப்புது. கடுதாசியும் தந்திருக்கு."

"கடுதாசியாலை கெட்ட குடும்பங்களும் இருக்கு."

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. என் மனைவி யோகமும் மகள் துளசியும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தார்கள். அவர்களை அழைக்க நான் விண்ணப்பம் கொடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்களில் யாருடைய விண்ணப்பமும் அசையவில்லை. ஏன் அசையவில்லை என்று பின்னாளில் நாடே விசாரித்தது, அமைச்சரே பைல்களை நிறுத்தி வைத்திருந்தார் என்று தெரிந்து ஓர் அரசாங்கமே வீட்டுக்குப் போனது. அப்போது எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. நாங்கள்தான் ஏதோ படிவத்தில் பிழை விட்டுவிட்டோம் என்று நினைத்தோம். அதனால் அசைந்து திரும்பக்கூடப் பயந்தோம். முகவரி மாற்றப் பயம், வேலை மாற்றப் பயம், ஒருவன் மீசையை எடுக்கக்கூடப் பயந்தான், படிவத்தில் ஒட்டிய படத்தில் மீசை இருந்ததாம்.

விமான நிலையம் ஒரு தீவில், தலைநகரம் இன்னொரு தீவில். இடையில் பஸ், பிறகு படகு, பிறகு இன்னொரு பஸ். பஸ் ஓட்டுநர் வழியில் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி, ஒரு பார்சலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஐந்து நிமிடம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். நாங்கள் துறைக்குப் போனபோது படகு கரையைவிட்டுக் கொஞ்சத் தூரம் போயிருந்தது. பென்ட் மணிக்கூட்டைப் பார்த்தான், படகைப் பார்த்தான், ஓட்டுநரைப் பார்த்தான். ஓட்டுநர் கொஞ்சமும் வெட்கப்படாமல், "அடுத்தது வரும்" என்றார்.

எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. எங்கள் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் மினிபஸ்காரரை இரண்டரை வருடத்துக்குப் பிறகு சந்தித்த மாதிரி. டென்மார்க்கில் பஸ் 7.42க்கு என்றால் 7.42க்குத்தான் வரும், அதில் ஏறும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஏதோ குற்றம் செய்தவன் மாதிரி இருக்கும். இங்கே ஒன்றரை மணிநேரம் தூறலில் நின்றேன், மனம் நிறைந்திருந்தது. பென்ட் மட்டும், "இப்படி ஒரு நாடு எப்படி நடக்கும்?" என்று புறுபுறுத்துக்கொண்டே இருந்தான்.

தோர்ஷாவ்ன் சின்ன ஊர். தலைநகரம் என்று சொல்லாவிட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கறுப்புத் தார் பூசிய மரவீடுகள், கூரையிலே புல். சும்மா முளைத்த புல் அல்ல, வேண்டுமென்றே வளர்த்த புல். மரம் என்று பார்த்தால் ஒன்றோ இரண்டோ, தோட்டத்துக்குள் ஒளிந்து நின்றது. காற்றுக்கு அஞ்சி நிற்கிறதாம். ஆடுகள் மட்டும் யாருக்கும் அஞ்சவில்லை. தெருவிலும் மலையிலும் கல்லறையிலும் மேய்ந்தன.

நாங்கள் தங்கியது ஒரு விதவைப் பெண்மணியின் வீட்டில். அவர் கதவைத் திறந்ததும் பென்ட்டைத்தான் முதலில் கேட்டார்.

"வெளிநாட்டவரா?"

"நானா?" பென்ட்டின் முகம் சிவந்துவிட்டது. "நான் டென்மார்க்கிலிருந்து வருகிறேன்."

"அதைத்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்களும் அங்கிருந்துதானா?"

"ஓம்" என்று தமிழிலேயே வந்துவிட்டது. பிறகு டெனிஷில் சொன்னேன். டென்மார்க்குக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு நான் இவ்வளவு சந்தோஷமாகப் பதில் சொன்னதில்லை. நானும் பென்ட்டும் ஒரே படியில், ஒரே மழையில், ஒரே வகை அந்நியராக நின்றோம்.

இரவுச் சாப்பாட்டுக்கு ஆட்டுத்தொடை வந்தது. சமைத்ததல்ல. மாதக்கணக்காகக் காற்றிலே தொங்கவிட்டு, தானாகப் பதப்பட்ட இறைச்சி. தட்டு வர முன்னமே மணம் வந்துவிட்டது. பென்ட் உருளைக்கிழங்கை மட்டும் வெட்டி வெட்டிச் சின்னதாக்கிக்கொண்டிருந்தான். நான் ஒரு துண்டை வாயில் வைத்தேன். கருவாட்டுக்கும் பழைய நெய்க்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. பையிலிருந்து மிளகாய்த்தூள் சுற்றியிருந்த கடதாசிச் சரையை எடுத்துக் கொஞ்சம் தூவினேன். வீட்டுக்கார அம்மா அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார், இருமினார், கண்ணைத் துடைத்தார், இன்னும் கொஞ்சம் கேட்டார். வைலேயில் நாங்கள் கருவாடு பொரித்தால் மேல்மாடிக்காரர் பொலிசுக்குத் தொலைபேசி எடுப்பார். இங்கே வீட்டுச் சுவரெல்லாம் மீன் காய்கிறது.

இரண்டாம் நாள் முழுக்க வேலை. பழுது பெரிதல்ல, ஒரு தாங்குசட்டத்தில் வெடிப்பு விழுந்திருந்தது. நான் ஒட்டினேன், பென்ட் பூட்டினான். தேநீர் நேரத்தில் மீன் வெட்டும் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். நானும் தீவிலிருந்து வந்தவன் என்றதும் அவர்களுக்கு ஒரே மகிழ்ச்சி.

"உங்கள் தீவில் எத்தனை ஆடு?" என்று ஒருத்தி கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். தன் நாட்டு ஆட்டுக் கணக்குத் தெரியாத மனிதனை அவள் அதுவரை பார்த்ததில்லை போலும்.

மூன்றாம் நாள் காலை திரும்பவேண்டும். யன்னலைத் திறந்தால் எதிர்வீடு இல்லை. மூடுபனி அப்படி. இன்று விமானம் இல்லை என்று வானொலி சொன்னதாக வீட்டுக்கார அம்மா சொன்னார். பென்ட் தலையில் கையை வைத்தான். நான் சப்பாத்தைக் கட்டினேன். ஒருநாள் சும்மா கிடைத்தால் ஊர் பார்க்காமல் விடுகிறதா?

முதலில் துறைமுகத்தின் மேலே இருக்கும் பழைய கோட்டைக்குப் போனோம். புல்மேடு, சின்ன வெளிச்சவீடு, கடலைப் பார்த்தபடி பீரங்கிகள். யாழ்ப்பாணக் கோட்டையை நினைத்து ஒப்பிட வாயெடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். சண்டையால் அந்த மாதங்களில் அந்தப் பக்கம் யாரும் சுற்றுலா போகவில்லை. இங்கே பீரங்கியின் வாயில் ஒரு பிள்ளை ஐஸ்கிறீம் தடியைச் செருகிவிட்டுப் போயிருந்தது.

அங்கிருந்து ஒரு சிவப்பு பஸ்ஸில் ஏறினோம். நகரின் மறுபக்கம் போகலாம் என்று பென்ட் வரைபடம் பார்த்துச் சொன்னான். பஸ் ஏறியது, இறங்கியது, பனிக்குள் புகுந்தது, வெளியே வந்தது. இருபது நிமிடம் கழித்து நாங்கள் ஏறிய அதே தரிப்பில் நின்றது. "நகரம் முடிந்துவிட்டது" என்றார் ஓட்டுநர்.

பிறகு நடந்தே, கடலுக்குள் நீண்டிருக்கும் பாறைமுனைக்குப் போனோம். புல்கூரை போட்ட சிவப்பு மரவீடுகள். அழகாயிருக்கிறதே என்று ஒன்றின் யன்னலுக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே பூச்சாடி, மேசை, அடுக்கிய பைல்கள், கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அது அரசாங்கக் கந்தோராம். வாசலில் காவலில்லை, இலக்கச் சீட்டு இல்லை. நான் கொஞ்சநேரம் அந்தக் கதவின் முன் நின்றேன். என் பைல் இந்த ஊரில் இருந்திருந்தால் கதவைத் தட்டி, "ஐயா, என்னுடையது எந்த அடுக்கில் கிடக்கு?" என்று கேட்டிருப்பேன். கோப்பன்ஹேகனில் எந்தக் கதவென்றே எனக்குத் தெரியாது.

மத்தியானம் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டு வைலேக்குத் தொலைபேசி எடுத்தேன். விடுதி விறாந்தையில் இருக்கிற தொலைபேசி நெடுநேரம் அடித்தது. ராசு அண்ணைதான் எடுத்தார்.

"தம்பி, எங்கை நிக்கிறாய்? உனக்குக் கந்தோரிலையிருந்து கடுதாசி ஒண்டு வந்திருக்கு."

நான் ரிசீவரைக் காதோடு அழுத்தினேன்.

"உடையுங்கோ அண்ணை."

"உடைக்கட்டோ? பிறகு என்னிலை பிழை சொல்லக்கூடாது."

"உடையுங்கோ எண்டுறன்!"

கிழிக்கிற சத்தம். பிறகு அவர் தனக்குள் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"அண்ணை?"

"அதே பழைய பல்லவிதானடாப்பா. பரிசீலிச்சுக்கொண்டிருக்கினமாம். பொறுமையா இருக்கட்டாம்." கொஞ்சம் விட்டுச் சொன்னார்: "நீ அங்கை போனதைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை. அதொரு நல்ல விஷயம்."

நான் ரிசீவரை வைத்துவிட்டு அந்த அம்மாவுக்கு நன்றி சொன்னேன். பென்ட் என் முகத்தைப் பார்த்தான். "வா, ஏதாவது வாங்குவோம். என் மனைவியிடம் வெறுங்கையோடு போனால் வாசலிலேயே நிற்க வேண்டிவரும்" என்றான்.

கடைத்தெரு என்று இரண்டு தெரு. தபால்தலைகள், மரத்தில் செதுக்கிய கடற்பறவைகள், ஆட்டுத்தோல். பென்ட் ஒரு மரப்பறவையை வாங்கினான். எல்லாவற்றையும்விடக் கூட்டம் நின்றது ஒரு கம்பளிக் கடையில். ஊர்ப் பெண்கள் வீட்டிலிருந்து பின்னிக் கொடுக்கும் சுவெற்றர்கள். சாயம் போடாத கம்பளி, ஆடு எந்த நிறமோ அந்த நிறம். பழுப்பு, சாம்பல், வெள்ளை. மூக்கருகே கொண்டுபோனால் ஆட்டு மணம் இன்னும் இருந்தது.

சிறுபிள்ளைகளின் தட்டுக்கு முன் என் கால் தானாக நின்றது. மார்பில் குறுக்கே வெள்ளைப் பூவேலை போட்ட சாம்பல் நிறச் சுவெற்றர் ஒன்று. கொழும்பு வெயிலில் இதைப் போட்டால் பிள்ளை அவிந்துவிடும். அனுப்ப முடியாத பொருள். அவள் இங்கே வந்தால் மட்டுமே உதவுகிற பொருள். அதனால்தான் எனக்கு அது வேண்டும் போல இருந்தது. இரண்டரை வருடமாக நான் வாங்கியதெல்லாம் பார்சலில் போவதற்காக வாங்கியது. ஒன்றாவது என் அலுமாரியில் இருந்து அவளுக்காகக் காத்திருக்கட்டும்.

கடையில் நின்ற பெண்ணுக்கு என் வயதிருக்கும். "எத்தனை சென்டிமீற்றர்?" என்று கேட்டாள்.

டென்மார்க்கில் பிள்ளைகளின் உடுப்புக்கு வயது அளவல்ல, உயரம்தான் அளவு. எனக்கு அது தெரியும். ஆனால் யாரும் அதுவரை என்னிடம் கேட்டதில்லை. கையை நீட்டி, தொடை உயரத்தில் காட்டினேன்.

"எத்தனை வயது?"

"போன மாதம் நாலு முடிந்தது."

அவள் என் கையைப் பார்த்தாள். பென்ட்டும் பார்த்தான். "அது ஒன்றரை வயதுப் பிள்ளை" என்றான் மெல்ல. நான் கையை உயர்த்தினேன். எவ்வளவு உயர்த்துவது? கை அப்படியே நின்றது. நான் வெளிக்கிடும்போது துளசிக்கு ஒன்றரை வயது. என் கைக்குத் தெரிந்த உயரம் அதுதான்.

சட்டைப்பையில் இருந்த படத்தை எடுத்துக் கொடுத்தேன். யோகம் வெள்ளவத்தை ஸ்டூடியோவில் எடுத்து அனுப்பியது. பின்னால் வரைந்த அருவி, பக்கத்தில் பிளாஸ்டிக் பூ, நடுவில் துளசி.

"உட்கார்ந்திருக்கிறாளே" என்றாள் கடைக்காரி. மூன்று பேரும் படத்தின் மேல் குனிந்தோம். நாற்காலியின் கை இவ்வளவு உயரம் என்றால், முழங்கால் இங்கே என்றால் என்று அவள் விரலால் அளந்தாள். நாற்காலி டெனிஷ் நாற்காலி இல்லையே என்றான் பென்ட். அவள் சிரித்தாள். "என் கணவர் கிரீன்லாந்துக் கடலுக்குப் போனால் அரை வருடம். வரும்போது மகனுக்குச் சப்பாத்து வாங்கி வருவார். ஒருநாளும் காலுக்குள் போனதில்லை. நான் இளையவனுக்கு எடுத்து வைத்துவிடுவேன்."

எனக்கு இளையது இல்லை.

முடிவில், "நாலு வயதுக்கு 104 சரியாக இருக்கும். பெரிதாக வேண்டுமா?" என்று கேட்டாள்.

எங்களூரில் யாரும் பிள்ளைக்கு அளவான உடுப்பு வாங்குவதில்லை. வளருகிற பிள்ளை என்று இரண்டு விரல், நாலு விரல் கூட எடுப்போம். பள்ளிக்கூடச் சட்டையின் விளிம்பை உள்ளே மடித்துத் தைத்து, வருடா வருடம் ஒரு மடிப்பைப் பிரித்துவிடுவார்கள். நானும் பெரிதாகத் தாருங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எவ்வளவு பெரிது? எந்தக் குளிருக்கு?

"116 எடு" என்றான் பென்ட். "கோப்பன்ஹேகனின் வேகம் எனக்குத் தெரியும்."

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். சரியாகவும் சொன்னான். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. 116ஐ எடுத்தால் இந்தக் குளிருக்கும் அவள் வரமாட்டாள், அடுத்த குளிருக்கும் வரமாட்டாள் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. மத்தியானம் ராசு அண்ணை வாசித்த கடுதாசியை நானும் ஒப்புக்கொண்ட மாதிரி. கந்தோர்க்காரர் வேண்டுமானால் பொறுமையாக இருக்கட்டும்.

"104" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "என் மகள் இந்த மார்கழிக்கு இங்கே நிற்பாள்."

கடைக்காரி சுவெற்றரை மடித்து, மெல்லிய தாளில் சுற்றினாள். கைகளை உள்ளே மடிக்கும்போது ஒருமுறை நீவிவிட்டாள். பென்ட் வெளியே போய்ப் புகைக்கும் பைப்பைப் பற்றவைத்தான். வீடுவரைக்கும் அவன் முன்னாலும் நான் பின்னாலும் நடந்தோம். அன்றைக்கு இரவு அவனாகவே காய்ந்த ஆட்டிறைச்சியில் ஒரு துண்டை எடுத்து, என் மிளகாய்த்தூளைத் தூவி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். மன்னிப்புக் கேட்க அவனுக்குத் தெரிந்த வழி அது. நானும் சிரித்துவிட்டேன்.

நாலாம் நாள் வானம் வெளித்தது. பஸ்ஸும் படகும் அதிசயமாக நேரத்துக்கு வந்தன. விமானத்திலிருந்து பார்த்தபோது பச்சைப் பாறைகள் கடலில் சிதறிக் கிடந்தன. சுவெற்றர் என் மடியில் இருந்தது. மேலே வைக்கச் சொன்னார்கள், நான் வைக்கவில்லை.

அந்த மார்கழிக்கு அவர்கள் வரவில்லை. அடுத்த மார்கழிக்கும் வரவில்லை. அதற்கிடையில் பைல்கள் அசையத் தொடங்கின, படிவங்கள் போய் வந்தன, ராசு அண்ணையின் குடும்பம் முதலில் வந்து சேர்ந்தது. 1990 பங்குனியில் என்னுடையவர்கள் வந்தார்கள்.

பென்ட் தன் காரில் கோப்பன்ஹேகன் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனான். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் நான் சின்னப் பிள்ளையின் உயரத்தில், கீழேயே பார்த்துக்கொண்டு நின்றேன் போலும். யோகம் வந்து என் முன்னால் நின்று, "இஞ்சாருங்கோ" என்றபிறகுதான் கண்டேன். பக்கத்தில் இரட்டைப் பின்னலோடு ஒரு சிறுமி. யோகத்தின் இடுப்புக்கு மேலே நின்றாள். படத்தில் இருந்தவளைவிட முகம் நீண்டிருந்தது. பருத்திச் சட்டையும் மெல்லிய மேலங்கியும் போட்டு, குளிரில் பல் கிட்டி நின்றாள்.

நான் பையைத் திறந்து சுவெற்றரை எடுத்தேன். யோகம் அவளின் தலைவழியே போட்டுப் பார்த்தாள். கழுத்துக்குள் தலை போகவே சிரமப்பட்டது. கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது, வயிறு தெரிந்தது. பென்ட் அருகில்தான் நின்றான். 116ஐப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. யோகம் அதைத் திரும்பக் கழற்றினாள்.

துளசி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூவேலை அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும், தடவினாள். என்னைக் கேட்கவில்லை, தாயைத்தான் கேட்டாள்.

"அம்மா, இது ஆரின்ரை?"

"உன்ரைதான் பிள்ளை. அப்பா உனக்கெண்டு வாங்கினது."

"இல்லை. இது ஒரு சின்னப் பிள்ளையின்ரை." அவள் என் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அந்தப் பிள்ளை எங்கை?"

யோகம் என்னைப் பார்த்தாள். என்னுடைய ஜாக்கெட்டைக் கழற்றி மகளைச் சுற்றி மூடி, தூக்கினேன். நான் நினைத்து வைத்திருந்ததைவிடப் பாரமாக இருந்தாள்.